மாடல் ரயிலுக்கு ஈ.பி. லைன் இழுத்த ஐந்து ஞாயிறு

நேற்று ராத்திரி பத்தரை மணிக்குக் கடைசி இழையை ஒட்டி முடித்தேன். இது நான்காவது முயற்சி. முதல் மூன்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டாயிற்று. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். கம்பங்கள் நேராக நின்றன, கம்பிகளும் அப்படியே இருந்தன. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

என்னுடையது 6 அடிக்கு 3 அடி பிளைவுட் பலகை, எச்.ஓ. அளவு. அதாவது நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது என் பலகையில் 1 மில்லிமீட்டர். போத்தனூர் – பொள்ளாச்சிப் பாதையில் மீட்டர் கேஜ் காலத்தில் இருந்த மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷன், பின்னால் ஒரு தெரு, தென்னந்தோப்பு. விவரம் தெரிந்தவர்கள் தண்டவாளத்தைப் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். எச்.ஓ. பாதையின் அகலம் 16.5 மி.மீ., மீட்டர் கேஜுக்கு 11.5 தான் வர வேண்டும், பிராட் கேஜுக்கு 19 தாண்ட வேண்டும். என்னுடையது இரண்டுக்கும் சேராதது. கிடைத்த தண்டவாளத்தில் ஓட்டுகிறேன், அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்.

கம்பங்கள் முன்பே நட்டிருந்தேன். கம்பி இல்லாத கம்பம் பல் குத்தும் குச்சியை வரிசையாகக் குத்தி வைத்த மாதிரி இருந்தது. சரி, கம்பி இழுப்போம் என்று ஆரம்பித்ததில் கம்பங்களிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியதாகிவிட்டது.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் தெருக் கம்பத்தை அளந்தேன். எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து, "கம்பத்த மாத்தப் போறாங்களா?" என்று கேட்டார். மாற்றினால் நல்லதுதான், ஆனால் நான் அதற்கு வரவில்லை என்றேன். நெஞ்சு உயரத்தில் கம்பத்தின் அகலம் 25 சென்டிமீட்டர், கனம் 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மேலே போகப்போக அகலம் குறைகிறது, கனம் அப்படியே இருக்கிறது. 87ஆல் வகுத்தால் கீழே சுமார் 3 மி.மீ., உச்சியில் 1.7 மி.மீ., கனம் 1 மி.மீ.

உயரத்துக்கு எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற லைன்மேன் அண்ணனைக் கேட்டேன். கம்பத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும் என்றார். 9 மீட்டர் கம்பம் என்றால் வெளியே தெரிவது ஏழரை மீட்டர்தான், மாடலில் 86 மி.மீ. வீடுகளுக்குக் கரன்ட் கொண்டுபோகும் எல்.டி. (குறைந்த மின்னழுத்த) லைனுக்கு ஏழரை மீட்டர் கம்பம், வெளியே 72 மி.மீ. முன்பு நான் நட்டிருந்தவை எல்லாம் 110 மி.மீ. ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் செல்போன் டவர் மாதிரி நின்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

முதலில் ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிப் பார்த்தேன். சீவுவது எளிது, ஆனால் கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்முக்கு ஓட்டை போட்ட இடத்தில் நார்வாக்கில் பிளந்துவிடும். பத்தில் ஆறு போயின. பிறகு கட்டட மாடல் செய்பவர்கள் வாங்கும் கடையில் 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட் ஒன்று வாங்கினேன். இரும்பு ஸ்கேலை வைத்துப் பிளேடால் இரண்டு முறை கீறி மடக்கினால் கோட்டில் சுத்தமாக உடைகிறது. ஒரு பட்டையைத் தலைகீழாக, அடுத்ததை நேராக என்று மாற்றி மாற்றி வெட்டினால் ஷீட் வீணாகாது. இருபது கம்பங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாம்பல் பிரைமர் அடித்து, அடிப்பக்கம் மட்டும் செம்மண் தூசி தடவினேன்.

கிராஸ் ஆர்முக்குப் பித்தளைப் பட்டை தேடி அலைந்துகொண்டிருந்தபோது மேசை மேல் இருந்த ஸ்டேப்ளர் பின் கண்ணில் பட்டது. 24/6 அளவுப் பின். கனமும் அகலமும் ஏறக்குறைய பொருந்துகின்றன, ஏற்கெனவே இரண்டு முனையும் மடங்கி வேறு இருக்கிறது. நடுவில் குறடால் வளைத்தால் 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் பார்க்கும் அந்த 'வி' வடிவ ஆர்ம் வந்துவிடுகிறது. மடங்கிய முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு அதில் பாசிமணியைச் செருகினால் பீங்கான் தயார். தையல் சாமான் கடையில் கிடைப்பதிலேயே சின்ன மணி, ஒன்றரை மி.மீ., மண் நிறம். பாக்கெட் 40 ரூபாய். கம்பத்தின் உச்சியில் ஒரு மணி, ஆர்மின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. எல்.டி. கம்பத்துக்கு நேர் ஆர்ம், அதில் ஐந்து இடத்தில் குண்டூசி முனையால் பசைப் பொட்டு வைத்து வெள்ளை பெயின்ட். அந்த அளவில் அதற்கு மேல் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

இனி கம்பி. 11 கே.வி. லைனில் ஓடும் வீசல் என்ற அலுமினியக் கம்பியின் விட்டம் 7.77 மி.மீ., ரேபிட் என்பது 10 மி.மீ.க்குச் சற்று மேல். அணில், நாய், முயல் என்று கம்பிக்கெல்லாம் மிருகப் பெயர்தான். மாடலில் வீசலுக்கு 0.09 மி.மீ. வர வேண்டும். தலைமுடி கனம்.

ஒரு அட்டையில் இரண்டு வரிசை ஆணி அடித்து, கிடைத்ததை எல்லாம் கட்டிப் பார்த்தேன். தையல் நூல் 0.2 மி.மீ.க்கு மேல், அதாவது நிஜத்தில் கட்டைவிரல் பருமன். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் நூலிலிருந்து மயிர் மயிராக எழும்பி நிற்கிறது. மெழுகு தேய்த்தேன், அப்போதும் நூல் நூலாகத்தான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல் என்று விற்பது கனத்தில் சரி. ஆனால் உருளையில் சுற்றியிருந்த சுருளை அது மறப்பதே இல்லை, வெந்நீரில் போட்டாலும் சரி, அயர்ன் பாக்ஸ் காட்டினாலும் சரி. அடுத்தது மோட்டார் ரீவைண்டிங் கடையில் வாங்கிய 42 கேஜ் செப்புக் கம்பி, 0.1 மி.மீ. அட்டையில் அருமையாக இருந்தது. இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதல் இரண்டு ஞாயிறும் அதில்தான் போயின. எல்.டி. லைனில் ஐந்து கம்பியையும் இழுத்து, ஒவ்வொன்றையும் பென்சிலால் மெல்ல அழுத்தி 6 மி.மீ. தொய்வு கொடுத்தேன். நிஜக் கம்பி தொய்ந்துதானே இருக்கிறது? முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் மொட்டை மாடித் துணிக்கொடி. ஒரு லுங்கி காயப்போட்டால் போதும், படம் முழுமையாகிவிடும்.

எங்கே தப்பு என்று புரிய ஒரு வாரம் ஆனது. தெருவில் கம்பத்துக்குக் கம்பம் நடந்து அளந்தால் நாற்பது மீட்டருக்குக் குறையவில்லை. அதை 87ஆல் வகுத்தால் 46 சென்டிமீட்டர். ஆறடிப் பலகையில் அந்தக் கணக்குக்கு மூன்று நான்கு கம்பம்தான் நிற்கும். அதனால் நான் 13 சென்டிமீட்டருக்கு ஒன்று நட்டிருந்தேன், நிஜத்தில் 11 மீட்டர். தூரம் பாதியானால் தொய்வு கால்வாசி ஆகிவிடும். நாற்பது மீட்டரில் அரை மீட்டர் தொய்கிற கம்பி பதினோரு மீட்டரில் நான்கு சென்டிமீட்டர்கூடத் தொய்யாது. மாடலில் அது அரை மி.மீ.! கம்பங்களை நெருக்கி நட்டுவிட்டு, தொய்வை மட்டும் நாற்பது மீட்டர்க் கணக்கில் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு நெருக்கத்தில் கம்பி நேராக இருப்பதுதான் சரி.

அதே வாரம் தண்டவாளம் துடைக்கக் கையை நீட்டினேன், சட்டைக் கை மாட்டியது. செப்புக் கம்பி ஒரு முறை மடங்கினால் மடங்கியதுதான். எவ்வளவு நீவினாலும் அந்த முடக்கு போகாது. ஐந்தில் மூன்று போயின. மிச்ச இரண்டையும் நானே பிடுங்கினேன்.

திருப்பூரில் நிட்டிங் யூனிட்டில் வேலை பார்க்கும் மாமா பையனிடம் போனில் புலம்பியபோது, "இழுத்தா நீளணும், விட்டா பழையபடி ஆகணும், அவ்வளவுதானே மாமா? லைக்ரா இருக்கே" என்றான். வெளிநாட்டு மாடல்காரர்கள் இதற்கென்றே விற்கும் எலாஸ்டிக் இழையை வாங்குகிறார்கள். அதுவும் இந்த ரகம்தான். நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதற்குத் தபால் செலவு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனிகளில் மிஷினில் ஓடி முடிந்து அடியில் கொஞ்சம் மிஞ்சிய கோன்கள் மூலையில் கிடக்குமாம். முதலில் 20 டினியர் ஒன்று கொண்டுவந்தான் (டினியர் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் கனம் கூடும்). 0.05 மி.மீ. வரும். அதைப் பிடிக்கவே எனக்கு லென்ஸ் வேண்டியிருந்தது, இரண்டடி தள்ளிப் போனால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அடுத்த முறை 70 டினியர். கணக்குப் போட்டால் இழுக்காமல் 0.09, இழுத்தால் 0.08. வீசல் கம்பிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி.

ஆனால் லைக்ரா வெள்ளை. என்னிடம் இருந்த சாயம் அதில் ஏறவில்லை. துணிச்சாயத்தில் ஊறவைத்து எடுத்தேன், கழுவியதும் போய்விட்டது. அக்ரிலிக் பெயின்ட் தடவினால் இழுக்கும்போது செதில் செதிலாகக் கொட்டுகிறது. கடைசியில் பர்மனென்ட் மார்க்கர்தான் கைகொடுத்தது. இழையை இழுத்துக் கட்டிய பிறகு மார்க்கர் முனையில் வைத்து இரண்டு முறை உருவ வேண்டும். கறுப்பு வேண்டாம். கறுப்பு அடித்தால் கோடு போட்டுக் காட்டிய கார்ட்டூன் மாதிரி இருக்கிறது. அண்ணாந்து வானத்தில் பார்க்கும்போதுதான் கம்பி கறுப்பு, தென்னை மரத்துக்கு முன்னால் வரும்போது அது வெளிர் சாம்பல். என் பலகையை மேலிருந்து பார்க்கிறோம், பின்னணி முழுக்கப் பச்சை. அதனால் சாம்பல் மார்க்கர். கை முழுக்க மை ஆகும், அதற்கு வழி தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு லைக்ராவை இழுத்து, விண்ணென்று கட்டி, சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி, போட்டோ எல்லாம் எடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் இரண்டு கடைசிக் கம்பங்களும் ஒன்றையொன்று பார்த்து வில்லாக வளைந்து கும்பிட்டுக்கொண்டிருந்தன. நடுவில் உள்ளவை நேர்தான், அவற்றுக்கு இரண்டு பக்கமும் இழுப்பு இருக்கிறது. கடைசிக் கம்பத்துக்கு ஒரு பக்கம் மட்டும். ஒரு மி.மீ. பிளாஸ்டிக், அதன் மெலிந்த பக்கத்தில் ஐந்து எலாஸ்டிக் சேர்ந்து இழுத்தால் என்ன ஆகும்?

லைன்மேன் அண்ணனை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டினேன். இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஸ்டே எங்கே தம்பி?" என்றார். தெருமுனைக் கம்பத்திலிருந்து சாய்வாக மண்ணுக்குள் இறங்குமே ஒரு கம்பி, நாம் எல்லாம் இருட்டில் தடுக்கி விழுவோமே, அதுதான் ஸ்டே. லைன் முடிகிற இடத்திலும் திரும்புகிற இடத்திலும் அது இல்லாமல் கம்பம் நிற்காது. ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன். அது எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார். நான் தெருவிலிருந்து தண்டவாளத்துக்கு மேலாக ஸ்டேஷனுக்கு லைன் இழுத்திருந்தேன். "ரயிலுக்கு மேல இப்படி இழுக்க மாட்டோம் தம்பி. இந்தப் பக்கம் கம்பத்துல கேபிளா இறக்கி, அடியில கொண்டுபோய், அந்தப் பக்கம் ஏத்திருவோம்." கேட்டதும் எனக்குப் பாதி வேலை குறைந்தது. கறுப்பு வயர் ஒரு துண்டு, அடியில் இரும்புக் குழாய்க்குப் பதில் பால்பாயின்ட் ரீஃபில் துண்டு, இரண்டு கம்பத்திலும் ஒட்டியாயிற்று. சும்மா சொல்லக் கூடாது, பலகையிலேயே நிஜம் மாதிரி இருப்பது இப்போது அந்தக் கறுப்பு கேபிள் இறங்கும் கம்பம்தான்.

நான்காவது முறை வரிசையை மாற்றினேன். முதலில் கடைசிக் கம்பங்கள். 11 கே.வி. முடிகிற இடத்தில் ஒற்றைக் கம்பத்தை எடுத்துவிட்டு இரட்டைக் கம்பம் நட்டு, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன், ஈ.பி.காரர்கள் டி.பி. என்பது. இந்த இரண்டு கம்பத்துக்கு மட்டும் ஸ்டைரீன் இல்லை, 3 மி.மீ. பித்தளைப் பட்டை, பிளைவுட்டுக்குள் 15 மி.மீ. இறக்கி எபாக்ஸி. டிரான்ஸ்ஃபார்மர் மிச்ச ஸ்டைரீன் துண்டுகள்தான். மற்ற முனைகளுக்கும் தெரு திரும்பும் கம்பத்துக்கும் 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியில் ஸ்டே, நடுவில் ஒரு பாசிமணி. ஸ்டே ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன்.

எல்லா இழையிலும் ஒரே இழுப்பு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வழி கிடைத்தது. இழையின் ஒரு முனையை டி.பி.யில் ஒட்டிவிட்டு, எல்லாக் கம்பத்தின் மேலும் போட்டு, மறுமுனையில் ஒரு 6 மி.மீ. நட்டைக் கட்டித் தொங்கவிடுவது. கையால் இழுத்தால் ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு. நட்டு தொங்கினால் எல்லாம் ஒன்று. அது தொங்கிக்கொண்டிருக்கும்போதே மார்க்கரால் உருவி, பிறகு கம்பம் கம்பமாக ஒட்டிக்கொண்டு வரலாம்.

ஒட்டுவதில் ஒரு விஷயம். சூப்பர் க்ளூவைப் பாட்டிலிலிருந்து நேராக வைக்கவே கூடாது. ஒரு சொட்டை பிளாஸ்டிக் மூடியில் விட்டு, குண்டூசி முனையால் தொட்டு, மணியில் மட்டும் வைத்து, இழையைச் சாமணத்தால் அழுத்தி மனதுக்குள் பதினைந்து எண்ண வேண்டும். அதிகமானால் சுற்றி வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிகிறது. மூன்று மணிகளில் அப்படி ஆகி, மேட் வார்னிஷ் தொட்டு மறைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியதால் முதல் கம்பத்துக்கே தலை சுற்றியது. ஃபேனைத் தூரத்தில் மெதுவாக ஓடவிட்டு மூச்சு விட்டுக்கொண்டே செய்யுங்கள்.

ரோட்டைக் கடக்கும் இடத்தில் 11 கே.வி.க்குக் கீழே வலை மாதிரி கார்டிங் கட்டுவார்கள், கம்பி அறுந்தால் ஆள் மேல் விழாமல் இருக்க. அதையும் செய்து பார்த்தேன். குறுக்கு இழை ஏழு, ஒவ்வொன்றும் 12 மி.மீ. ஐந்தாவதில் மொத்தமும் ஒட்டிக்கொண்டு சிலந்திவலை ஆனது. விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் சர்வீஸ் ஒயர் மட்டும் செப்புக் கம்பியே. அது கொஞ்சம் தொய்ந்து, கோணலாக இருந்தால்தான் அழகு. வாங்கியது வீண் போகவில்லை.

செலவு: ஸ்டைரீன் 160, பாசிமணி 40, கை டிரில்லும் 0.6 மி.மீ. பிட்டும் 350, பித்தளை 120, செப்புக் கம்பி 80, பசையும் மார்க்கரும் 90. மொத்தம் 840 ரூபாய். நைலானும் தையல் நூலும் வீட்டில் இருந்தவை. ஸ்டேப்ளர் பின் ஆபீஸ் உபயம்.

திரும்பச் செய்வதானால் கம்பங்களைப் பலகையில் நேரடியாக ஒட்ட மாட்டேன். அடியில் குழாய்த் துண்டு பதித்து, செருகி எடுக்கிற மாதிரி வைப்பேன். எலாஸ்டிக் என்பதால் கம்பத்தைத் தூக்கிச் சாய்த்தாலும் இழை அறாது, தண்டவாளம் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகலாம். இப்போது பின் தண்டவாளத்துக்குக் கை நுழைப்பது ஊசியில் நூல் கோக்கிற வேலையாக இருக்கிறது. ஆனால் சட்டைக் கை இரண்டு முறை மாட்டியது, இரண்டு முறையும் இழை நீண்டு, விட்டதும் தன் இடத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று, கம்பங்களைக் குறைப்பேன். எல்.டி.க்கு எட்டு நட்டிருக்கிறேன், ஐந்து போதும்.

இன்று மாலை அண்ணன் வந்து பார்த்தார். ஸ்டேயை விரலால் தொடப் போய், நிறுத்திக்கொண்டார். ஐந்து கம்பியையும் எண்ணிவிட்டு, "அஞ்சாவது தெருவிளக்குக் கம்பி. விளக்கு எங்கே?" என்றார். சின்ன எல்.இ.டி. வாங்க வேண்டும்.

லைக்ரா கோனை எடை போட்டுப் பார்த்தேன், நூல் மட்டும் 100 கிராம் இருக்கும். 70 டினியர் என்றால் 9,000 மீட்டருக்கு 70 கிராம், அந்தக் கணக்கில் கையில் இருப்பது கிட்டத்தட்ட 12.9 கிலோமீட்டர். நான் செலவழித்தது 10 மீட்டர்கூட இல்லை. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், கவரில் போட்டு அனுப்புகிறேன்.